மணல் போன வழியும் மக்கள் வரும் வழியும்

சென்னைக்கு வருமாறு பிறரை அழைக்கும் விளம்பரப் படங்களில் மெரினாவின் மணற்பரப்பு இல்லாத படம் அரிது. அகன்று கிடக்கும் அம்மணல்வெளி ஊழிக்காலம் தொட்டே அங்கிருப்பதுபோல் தோன்றும். அதற்கு வயது நூற்றைம்பதுதான். கிழக்கிந்தியக் குழுமம் கோட்டை எழுப்பிய நாளில் கடலலை கோட்டையின் சுவரை அண்டியே புரண்டது. 1875ஆம் ஆண்டின் இறுதியில் அடிக்கல் நாட்டப்பெற்ற சென்னைத் துறைமுகத்தின் கற்கரங்கள் கடலுக்குள் நீண்டபின்னரே அவற்றின் தென்புறத்தில் மணல் ஏறலாயிற்று. 1880களில் ஆளுநராயிருந்த கிராண்ட் டஃப் அவ்விடத்தே உலாவும் சாலை ஒன்றை அமைத்து மெரினா எனப் பெயரிட்டார். தமிழகத்தின் தலைசிறந்த சுற்றுலாக் காட்சி இவ்வாறு ஒரு கட்டுமானத்தின் எதிர்பாரா விளைவாய்ப் பிறந்தது.

அம்மணல் எங்கிருந்து வந்தது என்பதினும், எங்கே போக இருந்தது என்பதே நம் ஆய்வுக்கு உரிய வினா. கடலலை கரைக்கு நேராக வருவதில்லை. சற்றே சாய்ந்து வருகிறது. சாய்ந்து ஏறும் அலை மணலைச் சாய்வாகவே கரைமேல் தள்ளுகிறது. வடியும் நீரோ சரிவின் வழியே நேராக இறங்குகிறது. ஏறுவதும் இறங்குவதும் மாறிமாறி நிகழ, ஒவ்வொரு மணற்பரலும் கரையோரமாய் மெல்ல நகர்கிறது. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அலைகள் தென்கிழக்கிலிருந்து வந்து மணலை வடக்கே கடத்துகின்றன. வாடைக்காலத்தில் ஓட்டம் தெற்கு நோக்கித் திரும்புகிறது. ஆண்டு முழுமைக்கும் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது வடக்கு நோக்கிய ஓட்டமே. ஆண்டுதோறும் பல இலட்சம் கன மீட்டர் மணல் இவ்வாறு வடக்கே செல்ல வேண்டியது. துறைமுகத்தின் கரங்கள் அதனை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே உணவு மறுக்கப்பட்ட கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என வரிசையாய் மணற்கரை கரைந்தது. குடியிருப்புகளும் கோயில்களும் கடலுக்குள் சென்றன. இன்று அங்கே மணலின் இடத்தில் கருங்கற்பாறைகள் அடுக்கப்பட்டுள்ளன. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் சிறிது மணலை மீட்டுத் தந்திருக்கின்றன. ஆயினும் அவற்றின் வடக்கே அடுத்த குப்பத்தில் அரிப்பு தொடங்கிவிடுகிறது.

ஆக, தென்சென்னையின் அழகிய காட்சியும் வடசென்னையின் கரடான கரையும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள். சுற்றுலாத் துறையின் விளம்பர ஏட்டில் முன்னது மட்டும் இடம்பெறுகிறது. ஓர் ஊரை வெளியாருக்கு அறிமுகம் செய்வது எவ்வாறு என்னும் பொதுவினாவுக்கு வடசென்னையைப் போல் கடினமான சோதனைக்களம் தமிழ்நாட்டில் வேறில்லை என்பது என் கருத்து. அழகிய ஊரை அழகியது என்று சொல்ல அறிவியல் தேவையில்லை. துறைமுகமும் அனல்மின் நிலையமும் எண்ணெய் ஆலையும் மீன்சந்தையும் நெருங்கிக் கிடக்கும் நிலத்தை எங்ஙனம் காட்டுவது என்பதற்கே அது தேவைப்படுகிறது.

சுற்றுலா ஆய்வு கடந்த ஐம்பது ஆண்டுகளில் தனித்துறையாய் வளர்ந்துள்ளது. அதன் அடிப்படைக் கண்டுபிடிப்புகளுள் ஒன்று, பயணி முதலில் செல்வது ஊருக்கன்று, ஊரைப் பற்றித் தன் மனத்தில் உருவாகியுள்ள படிமத்துக்கே என்பது. அமெரிக்கரான கிளேர் கன் 1972இல் இப்படிமத்தை இரண்டாகப் பகுத்தார். செய்தி, கதை, உறவினர் பேச்சு, பள்ளிப் பாடம் ஆகியவற்றால் தானே முளைப்பது ஒன்று. விளம்பரத்தால் திட்டமிட்டு ஊட்டப்பெறுவது மற்றொன்று. 1993இல் வில்லியம் கார்ட்னர் இதனை மேலும் நுணுக்கமாய்ப் பிரித்து, விளம்பரதாரரின் பிடிக்குள் வராத தனித்த ஊற்றுகளாகிய செய்தித்தாளுக்கும் திரைப்படத்துக்கும் நம்பகத்தன்மை மிகுதி என்று காட்டினார். தன் பொருளைத் தானே புகழ்பவனை யாரும் முழுதும் நம்புவதில்லை. தொடர்பற்றவன் சொல்வது எளிதில் ஏறிவிடுகிறது. நியூயார்க்கு மாநிலம் 1977இல் இதயச் சின்னத்தோடு வெளியிட்ட புகழ்பெற்ற விளம்பரமும், கேரளம் 1980களின் இறுதியில் தன்னைக் கடவுளின் சொந்த நாடு என்று அழைத்துக்கொண்டதும் வெற்றிபெற்றவைதாம். ஆயினும் அவ்விரண்டும் மக்கள் மனத்தில் முன்பே இருந்த விருப்பத்தின்மேல் கட்டப்பட்டவை என்பதை மறத்தலாகாது.

வடசென்னையின் படிமம் பெரும்பாலும் தனித்த ஊற்றுகளிலிருந்தே பெருகியது. 2018இல் வெளிவந்த வெற்றிமாறனின் வடசென்னையும், 2021இல் வெளிவந்த பா. இரஞ்சித்தின் சார்பட்டா பரம்பரையும் இப்பகுதியைத் தமிழுலகம் முழுதும் கொண்டுசென்றன. முன்னது கத்தியையும் குழுப்பகையையும் காட்டியது. பின்னது குத்துச்சண்டை மேடையையும் உழைப்பாளர் தெருவின் தன்மதிப்பையும் காட்டியது. செய்தித்தாள்களோ வேறு படங்களைத் தந்தன. 2017 சனவரி 28ஆம் நாள் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, தன்னார்வலரும் கடலோரக் காவற்படையினரும் வாளிகளால் அதனை அள்ளிய காட்சி நாடெங்கும் பரவியது. 2023 திசம்பரில் மிக்சாம் புயல்வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் இறங்கி எண்ணூர்க் கழிமுகத்தைக் கருக்கியது. அதே மாத இறுதியில் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஊரார் நள்ளிரவில் ஓட நேர்ந்தது. இத்தனைக்கும் நடுவே 1971இல் தோன்றிய தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் குரல் இப்பகுதியைப் பற்றி மெலிந்தே ஒலித்திருக்கிறது. நகரைச் சுற்றிக்காட்டும் வழக்கமான உலா கோட்டை, எழும்பூர் அருங்காட்சியகம், மயிலைக் கபாலீசுவரர் கோயில், மெரினா என்று பெரும்பாலும் தெற்கு நோக்கியே சுழலும்.

வெற்றிடத்தில் பிறர் வரைந்த படத்தை அழிக்க முயல்வது வீண். அந்தப் படத்துக்குள் விடுபட்டவற்றைச் சேர்ப்பதே வழி. அதற்கு நம் முன்னோரிடமே ஒரு கருவி உண்டு. தொல்காப்பியம் ஒரு திணையைச் சொல்ல முதல், கரு, உரி என மூன்றைக் கேட்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கு வாழும் மாவும் மரமும் புள்ளும் தொழிலும் கருப்பொருள். அந்நிலத்தில் மாந்தர் கொள்ளும் ஒழுக்கம் உரிப்பொருள். இன்றைய சுற்றுலா ஏடுகளை இவ்வளவுகோலால் அளந்தால் குறை உடனே விளங்கும். அவை கருப்பொருளின் பட்டியல்கள். கோயில் ஒன்று, கடற்கரை ஒன்று, கலங்கரை விளக்கம் ஒன்று என எண்ணிக்கொண்டே போகும். பொழுது என்பது, திறக்கும் நேரம் மூடும் நேரம் என்ற அளவில் சுருங்கிவிடுகிறது. உரிப்பொருளுக்கு இடமே இல்லை.

முதலில் கருப்பொருளையே பார்ப்போம், அதிலும் குறைவில்லை. இராயபுரம் தொடர்வண்டி நிலையத்தை 1856 சூன் 28ஆம் நாள் ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். சூலை முதல் நாளிலிருந்து இங்கிருந்து ஆர்க்காட்டுப் பக்கத்து வாலாசா வரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு வண்டிகள் ஓடின. இந்தியாவில் முதல் பயணிகள் வண்டி ஓடிய பம்பாய்–தாணே தடம் 1853இலும், கல்கத்தாவின் அவுரா–ஊக்ளி தடம் 1854இலும் தொடங்கின. ஆயினும் அவற்றின் முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. இராயபுரத்துக் கட்டடமோ உயர்ந்த தூண்களோடு நிற்கிறது. எஞ்சியுள்ள நிலையங்களுள் இதுவே மூத்தது எனப் போற்றப்பெறுகிறது. 2005இல் அது புதுப்பிக்கப்பெற்றது. உலகின் எந்த ஊருக்கும் இத்தகைய ஒரு கட்டடம் போதும், தன்னை அறிவித்துக்கொள்ள.

ஆயினும் அங்கு இறங்கும் பயணிகளுள் பலர் நிமிர்ந்து பாராமலே கடந்துசெல்கின்றனர். இதற்கான விளக்கத்தை டீன் மெக்கானல் என்னும் குமுகாயவியலார் 1976இலேயே தந்தார். காணத்தக்க பொருள், காண்பவர், இரண்டையும் இணைக்கும் குறி ஆகிய மூன்றும் கூடினால்தான் ஒன்று காட்சியாகிறது என்பது அவர் கருத்து. குறி என்பது பெயர்ப்பலகையாகவும் இருக்கலாம், கைந்நூலாகவும் இருக்கலாம், வழிகாட்டியின் சொல்லாகவும் இருக்கலாம். குறியில்லாத கட்டடம் வெறுங்கட்டடம். நிலவிலிருந்து கொண்டுவந்த கல்லும் குறியில்லையேல் தெருக்கல்தான். இராயபுரத்துக்குப் பொருள் உண்டு. நாள்தோறும் ஆயிரக்கணக்கில் கண்களும் உண்டு. குறி மட்டும் மங்கலாயுள்ளது. அக்குறையைச் சிறிதேனும் ஈடுசெய்தவர்கள் அரசுத் துறையார் அல்லர். 2004இல் எசு. முத்தையா உள்ளிட்ட நகர ஆர்வலர் சிலர் தொடங்கிய சென்னை நாள் கொண்டாட்டத்தை ஒட்டி ஆகத்து மாதந்தோறும் நடைபெறும் மரபுநடைகளே பலருக்கு இந்நிலையத்தை முதன்முதலாய்க் காட்டின.

இராயபுரத்தில் மேலும் உண்டு. படகோட்டியரின் குலத்தார் பொறுப்பில் வளர்ந்த புனித இராயப்பர் ஆலயம் உண்டு. 1910இல் எழுந்த பார்சியரின் தீக்கோயில் உண்டு; தமிழ்நாட்டில் அச்சமயத்தாருக்கு அஃதொன்றே. பிற சமயத்தார் உள்ளே செல்ல இயலாது என்பதால் வெளியிலிருந்தே காண வேண்டும். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்த இராபின்சன் பூங்காவும் இங்கேதான். சமயமும் அரசியலும் தொழிலும் ஒரு மணிநேர நடைக்குள் அடங்கும் இத்தகைய தெருக்கள் பிற ஊர்களில் கிடைத்தற்கரியவை.

திருவொற்றியூரின் நிலை வேறு. அங்கே படிமம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உருவாகிவிட்டது. தூங்கானை மாடமாய் அமைந்த ஆதிபுரீசுவரர் கருவறை முதலாம் இராசேந்திரன் காலத்தில் கருங்கல்லால் எழுந்தது. பல்லவர், இராட்டிரகூடர், சோழர் கல்வெட்டுகள் கோயிலெங்கும் பரந்துள்ளன. இலக்கணம் கற்பிக்க இங்கு ஒரு மண்டபம் இருந்ததையும் அவை கூறுகின்றன. சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும், மகிழமரத்தடியில் சூளுரைத்ததும், பட்டினத்தார் கடலோரத்தில் அடங்கியதும், வள்ளலார் வடிவுடை அம்மையைப் பாடியதும் இவ்வூரில்தான். முத்துசாமி தீட்சிதரும் தியாகராசரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். ஒரு சுற்றுலாத் துறை கோடி கோடியாய்ச் செலவழித்தும் உருவாக்க இயலாத படிமம் இது. விந்தை யாதெனில், இதற்காக வருவோரை நாம் சுற்றுலாப் பயணியராய் எண்ணுவதில்லை. வழிபட வருபவர் என்று ஒதுக்கிவிடுகிறோம். 2019இல் தமிழ்நாட்டுக்கு வந்த உள்நாட்டுப் பயணியர் ஏறத்தாழ 49 கோடியே 50 இலட்சம் எனக் கணக்கிடப்பட்டு, மாநிலம் நாட்டில் இரண்டாமிடம் பெற்றது. அத்தொகையைத் தூக்கி நிறுத்தியவை மலைவாழிடங்களினும் கோயில்களே என்பதை யாவரும் அறிவர்.

இங்கே பொழுதின் ஆட்சி தெளிவாய்த் தெரிகிறது. ஆதிபுரீசுவரரின் திருமேனி ஆண்டு முழுதும் கவசத்துக்குள் இருக்கிறது. கார்த்திகை முழுநிலவை ஒட்டிய மூன்று நாள்களில் மட்டுமே கவசம் களையப்பெறும். அந்நாள்களில் தெருவெங்கும் மக்கள் வெள்ளம். மற்ற முந்நூற்று அறுபத்திரண்டு நாள்களில் கோயில் அமைதியாய் இருக்கிறது. கல்வெட்டு காண விழைபவர்க்கு இந்த அமைதி ஏற்றது. கூட்டத்தின் மெய்ப்பாட்டை உணர விழைபவர்க்கு அந்த மூன்று நாள். இவ்விருவரையும் ஒரே துண்டு விளம்பரத்தால் அழைக்க முனைவதே நம் ஏடுகளின் பிழை.

காசிமேட்டில் பொழுதின் ஆட்சி இன்னும் கூர்மை பெறும். மீன்பிடித் துறைமுகம் விழித்தெழுவது நள்ளிரவுக்குப் பின். பொழுது புலருமுன் விசைப்படகுகள் கரைசேர, கூடைகள் இறங்க, ஏலக்குரல்கள் எழுகின்றன. வஞ்சிரமும் சங்கராவும் சூரையும் கானாங்கத்தையும் கைமாறி, சூரியன் ஏறுமுன் நகரின் சந்தைகளுக்குச் சென்றுவிடும். ஒன்பது மணிக்குச் சுற்றுலாப் பேருந்தில் வந்திறங்குபவர் ஈரத்தையும் நாற்றத்தையும் மட்டும் கண்டு முகஞ்சுளித்துத் திரும்புவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியலில் நகரின் நாற்புறத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாய் மக்கள் வந்து மீன் வாங்கிச் செல்கின்றனர். எந்தக் கழகமும் அவர்களை அழைக்கவில்லை. இதுவே கிளேர் கன் சொன்ன தானே முளைத்த படிமம். வாய்மொழியாய்ப் பரவி வேரூன்றியது. புதிய விளம்பரம் தேடுவோர் முதலில் இந்த ஞாயிற்றுக் கூட்டத்தை ஆய்ந்தறிதல் வேண்டும். அவர்கள் எத்துணைத் தொலைவிலிருந்து வருகின்றனர், எவ்வளவு நேரம் தங்குகின்றனர், மீன் தவிர வேறெதற்குச் செலவிடுகின்றனர், ஏன் மீண்டும் வருகின்றனர் என்பவை எளிதில் கேட்டறியத்தக்கவை.

எண்ணூருக்கு வருவோம். இன்று அப்பெயரைக் கேட்டால் புகைபோக்கிகளே நினைவுக்கு வருகின்றன. ஒருகாலத்தில் அது சென்னை ஆங்கிலேயரின் இன்ப உலாவிடம். கழிமுகத்தில் பாய்மரப்படகு விடவும், அங்குப் பிடித்த மீனை அங்கேயே சமைத்துண்ணவும், கரையோர மனைகளில் கிழமை இறுதியைக் கழிக்கவும் அவர்கள் சென்றனர். பேசில் காக்ரேன் என்பார் 1801இல் தொடங்கி 1806இல் முடித்த கால்வாய் சென்னையை எண்ணூரோடு இணைத்தது. பின்னாளில் 1877–78 பஞ்சத்தின்போது துயர்தணிப்பு வேலையாய் அது நீட்டிக்கப்பெற்று, ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. ஓரிடத்தின் சுற்றுலாவாழ்வுக்குப் பிறப்பும் வளர்ச்சியும் தேக்கமும் வீழ்ச்சியும் உண்டு என்று ரிச்சர்டு பட்லர் 1980இல் வரைந்த வளைகோடு ஆய்வாளரிடையே புகழ்பெற்றது. எண்ணூர் அவ்வளைகோட்டில் பிறந்து, சிறிது வளர்ந்து, சுற்றுலாவின் மிகுதியால் தேய்வதற்கு முன்பே தொழிற்சாலைகளால் துடைக்கப்பட்டது. பட்லரின் கோட்டில் இதற்கு இடமில்லை. ஒரு கோட்பாட்டைத் தமிழ்நிலத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் விளிம்பு தெரிகிறது.

கழிமுகத்தின் இயல்பைச் சிறிது சொல்ல வேண்டும். கொசத்தலையாறு கடலோடு கூடுமிடம் அது. ஆற்றின் நன்னீரும் ஓதத்தோடு ஏறும் உவர்நீரும் கலக்கும் அந்நீரில் இறாலும் நண்டும் குஞ்சு பொரித்து வளர்கின்றன. அலையாத்தி மரங்களின் வேர்கள் அவற்றுக்குத் தொட்டில். மழைவெள்ளம் இறங்க இக்கழிமுகமே வாயில். அனல்மின் நிலையத்தின் சாம்பற்குழம்பு பல்லாண்டுகளாய்க் குழாய் உடைப்புகளின் வழியே இதில் படிந்து ஆற்றின் ஆழத்தைக் குறைத்துவிட்டது. அண்மை ஆண்டுகளில் தென்னமெரிக்கக் கரையைச் சேர்ந்த மட்டியினம் ஒன்று ஆற்றுப்படுகையில் பாய்போல் படர்ந்து, இறால்கள் புதையும் சேற்றை மூடிவிட்டது. மீனவர் அதனைக் காக்கா ஆழி என்கின்றனர். கப்பல்கள் தம் நிலைப்புக்காகச் சுமந்துவந்து கொட்டும் கடல்நீரோடு இவ்வினம் வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

இத்தகைய இடத்தைச் சுற்றுலாத்தலம் என்று சொல்வது அறமா என்ற வினா எழும். துயரைக் காட்சிப்பொருளாக்கும் வணிகம் உலகில் உண்டு, அது இழிந்தது. ஆயினும் மறைத்துவைப்பதும் துயருக்கு மருந்தாகாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் மணலி 76.32 புள்ளிகளோடு கடும் மாசுப் பகுதியாய் அடையாளம் காணப்பட்டது. இந்த எண்ணை விளம்பரத்தால் மூட இயலாது. கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அச்சான்றுக்கு 33 அளவைகள் உள. அவற்றுள் நீரின் தூய்மையைத் தொடர்ந்து ஆய்ந்து காட்டுதலும் ஒன்று. வண்ணக் குடைகளும் மூங்கில் இருக்கைகளும் சான்றின் வெளித்தோற்றம். உள்ளீடு நீரில் உள்ள நுண்ணுயிர் எண்ணிக்கையே. வடகரையில் குடை நடுவது ஒரு நாள் வேலை. நீரைத் தூய்மையாக்குவது தொழிற்சாலைகள் நிறைந்த மணலியிலும் வல்லூரிலும் அத்திப்பட்டிலும் தொடங்க வேண்டிய வேலை.

செருமனியின் ரூர் பகுதி இத்தொடர்பில் அடிக்கடி எடுத்துக்காட்டப்பெறும். நிலக்கரியும் எஃகும் வாழ்வித்த அப்பகுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டபின், 1989 முதல் பத்தாண்டுகள் நடந்த எம்சர் பூங்காத் திட்டம் பழைய ஆலைகளை இடியாமல் காத்தது. எசன் நகரின் சோல்ஃபெரைன் சுரங்கம் 1986இல் மூடப்பெற்று, 2001இல் உலக மரபுச் சின்னமாயிற்று. தூய்சுபர்க்கில் ஓர் இரும்பாலையின் வளிக்கலம் நீர் நிரப்பப்பட்டு மூழ்குநீச்சல் பயிலுமிடமாய் மாறியது. சாக்கடையாய் ஓடிய எம்சர் ஆறு 2021இன் முடிவில் கழிவுநீரின்றி ஓடும் நிலையை அடைந்தது. அதற்கு முப்பதாண்டு உழைப்பும் பெரும்பொருளும் செலவாயின.

இதனை அப்படியே எடுத்துவந்து எண்ணூரில் நடுவோர் ஒரு வேறுபாட்டைக் காணாது விடுகின்றனர். ரூரின் உலைகள் குளிர்ந்தவை. எண்ணூரின் கொதிகலன்கள் கொதித்துக்கொண்டிருப்பவை. 1970இல் இயங்கத் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் நின்றுவிட்டது என்பது உண்மையே. அதனைச் சுற்றியுள்ள மற்றவை நிற்கவில்லை. இங்கே காட்ட வேண்டியது இறந்த தொழிலின் நினைவிடமன்று, இயங்கும் தொழில். அதற்கும் இவ்வூரில் முன்னோடி உண்டு. 1955ஆம் ஆண்டையொட்டித் திருவொற்றியூரில் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு ஆலை, புல்லட் வண்டியை விரும்புவோருக்குச் சனிக்கிழமைகளில் கட்டணம் பெற்று ஆலையைச் சுற்றிக்காட்டி வந்தது. வெளிநாட்டார் பலர் மாமல்லபுரத்துக்குச் செல்வதற்குமுன் இங்கு வந்து, எண்ணெய்க்கலத்தில் பொற்கோடு வரையும் தொழிலாளியின் கையைக் கண்டு வியந்தனர். யாரும் விளம்பரம் செய்யாத இக்காட்சி உலகக் கைந்நூல்களில் இடம்பெற்றது. வேலை செய்யும் கையைக் காண்பதில் மாந்தருக்கு அடங்கா விருப்பம் உண்டு. 1948இல் தோன்றி எண்ணூரில் இயங்கும் அசோக் லேலண்டும், மெட்ரோ நிலையம் ஒன்றுக்குப் பெயர் தந்த விம்கோ தீப்பெட்டி ஆலையும் இதே வகைக் கதையைச் சொல்லவல்லவை.

வழி இன்று எளிதாகிவிட்டது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வண்டி நீண்டது. அடுத்த ஆண்டு திருவொற்றியூர்த் தேரடி நிலையமும் திறந்தது. கன்டெய்னர் லாரிகளுக்கிடையே எண்ணூர் விரைவுச்சாலையில் ஊர்ந்த பயணம் சில மணித்துளிகளில் முடிகிறது. 2022 சூன் முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து இன்பச்சுற்றுலாக் கப்பலும் புறப்பட்டது. அதில் ஏறுவோர் இராயபுரத்துக்குக் கூப்பிடு தொலைவில் நின்றும் அதனைக் காணாமலே கடலேறினர் என்பது நம் திட்டமிடலின் இலக்கணம்.

இனி உரிப்பொருள். நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாய் வைத்தனர் முன்னோர். வடகரையில் இரங்கலுக்குக் காரணங்கள் உள. ஆனால் வாழ்வோர் இரங்கிக்கொண்டே இருப்பதில்லை. கேரம் பலகையும் குத்துச்சண்டைக் கூடமும் கால்பந்துத் திடலும் அவர்களுடைய மாலைகள். வெளியார் வருகை இவ்வொழுக்கத்தை என்ன செய்யும் என்பதே எத்திட்டத்துக்கும் உரைகல். பெருநகர் வளர்ச்சிக் குழுமம் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடற்கரைகளை அழகுபடுத்தத் திட்டமிட்டது. அழகுபடுத்தல் என்பதில் நடைபாதையும் விளக்கும் இருக்கையும் வரும். ஆனால் மணல் என்பது மீனவருக்குப் பணிக்களம். படகு ஏற்றவும், வலை உலர்த்தவும், கருவாடு காயவும் அது வேண்டும். மணலே குறைந்த கரையில் எஞ்சியுள்ள சிறு பரப்பையும் நடைபாதை விழுங்கிவிட்டால், ஒரு நூற்றாண்டுக்குமுன் கடல் செய்ததைக் கட்டுமானம் இன்று செய்ததாகும். ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்னும் தாங்குதிறன் கணக்கில், வருவோர் தலைகளை எண்ணுவது பாதி வேலைதான். அங்கிருப்போர் தம் தொழிலுக்குக் கேட்கும் சதுர அடியை முதலில் கழித்துவிட்டு, மிஞ்சியதை வகுக்க வேண்டும்.

செயலுக்கு எளிய தொடக்கம் ஒன்று நாட்காட்டியிலேயே உள்ளது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். மீனினங்கள் இனப்பெருக்கம் செய்யும் பொருட்டு விசைப்படகுகள் கடலுக்குச் செல்லா. காசிமேட்டில் அவை நெருக்கமாய்க் கட்டப்பட்டுக் கிடக்கும். உடைந்த பலகை மாற்றுதல், வண்ணம் பூசுதல், எந்திரம் பழுதுபார்த்தல், வலை பின்னுதல் ஆகிய வேலைகள் பகல்வெளிச்சத்தில் கண்முன்னே நடக்கும். கடலோடிகள் கரையில் இருப்பர். பேச நேரமும் இருக்கும். அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பச் செலவுக்கு எட்டாத காலமும் அதுவே. பள்ளிகளுக்கும் அப்போதுதான் கோடை விடுமுறை. கத்திரி வெயிலை எண்ணிக் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடியுமாறு, சிறு சிறு குழுவாய்ப் பிள்ளைகளையும் பெற்றோரையும் அழைத்துச் செல்லலாம். கற்பாறைக் கரையில் தொடங்கி, தூண்டில் வளைவின் இருபுறத்து மணல்மட்டத்தையும் ஒப்பிட்டுக் காட்டி, படகு கட்டும் இடம் வழியாய் இராயபுரம் நிலையத்தில் முடிக்கலாம். அலை எத்திசையில் சாய்ந்து வருகிறது, காற்று மாறினால் வலை எங்கே விழும், எந்த மாதத்தில் எந்த மீன் என்பவற்றை ஓய்வுபெற்ற கடலோடி ஒருவரே சொல்லலாம். கட்டணம் அவர் கையில் சேரலாம். அச்சடிக்க வேண்டியது ஒரு நேர அட்டவணை மட்டுமே.